பழைய ரெகேவா, புதிய ரெகேவா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜமைக்காவில் பிறந்த ரெகே இசையைக் கேட்கத் தொடங்கியிருக்கும் நண்பர்களும் பல ஆண்டுகளாகக் கேட்டுவருபவர்களும் என்னிடம் திரும்பத் திரும்ப எழுப்பிய ஐயங்களை இங்கே தொகுத்திருக்கிறேன். கேள்விகளை அவர்கள் கேட்ட சொற்களிலேயே விட்டிருக்கிறேன். எளியவை முதலில் வருகின்றன, சிக்கலானவை பின்னால் வருகின்றன. ஒருமுறை விளக்கியதை மறுபடி விளக்காமல், எந்தப் பதிலில் இருக்கிறது என்று மட்டும் காட்டியிருக்கிறேன்.

ரெகே என்றால் பாப் மார்லிதானே? அவருக்குப் பிறகு என்ன இருக்கிறது?

ரெகேவை உலகம் முழுவதும் அறியச் செய்தவர் மார்லிதான். ஆனால் ரெகே அவரோடு தொடங்கவும் இல்லை, 1981 மே 11 அன்று அவர் மறைந்ததோடு முடியவும் இல்லை. ஜமைக்காவின் தலைநகரான கிங்ஸ்டனில் 1950களின் இறுதியில் ஸ்கா என்ற வேகமான நடன இசை உருவானது. 1966 வாக்கில் அதன் வேகம் தணிந்து ராக்ஸ்டெடி ஆனது. அதிலிருந்து 1968இல் ரெகே பிறந்தது. டூட்ஸ் அண்ட் தி மேட்டல்ஸ் குழுவின் 'டூ தி ரெகே' என்ற பாடல்தான் அந்தப் பெயரைத் தலைப்பிலேயே தாங்கி அந்த ஆண்டில் வெளிவந்தது. மார்லி, பீட்டர் டாஷ், பன்னி வெய்லர் ஆகிய மூவரும் ஸ்கா காலத்திலேயே சேர்ந்து பாடத் தொடங்கியவர்கள்.

நம்மில் பலர் மார்லியை அறிந்ததே 1984இல், அவர் மறைவுக்குப் பின் வெளியான 'லெஜண்ட்' தொகுப்பின் வழியாகத்தான். அதில் இதமான காதல் பாடல்களும் ஆறுதல் தரும் பாடல்களும் அதிகம். அவருடைய கோபம் கொதிக்கும் 1970களின் பாடல்களில் பெரும்பாலானவை அதில் இல்லை. ஆகவே 'லெஜண்ட்' மட்டும் கேட்டவர் ரெகேவை மட்டுமல்ல, மார்லியையே இன்னும் முழுதாகக் கேட்கவில்லை.

கிளாசிக் ரெகே என்று எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை சொல்வது?

எல்லோரும் ஏற்ற வரையறை எதுவும் கிடையாது. மார்லி மறைந்த 1981ஐ எல்லையாகக் கொள்பவர்கள் உண்டு, ஸ்காவையும் ராக்ஸ்டெடியையும் சேர்த்தே கிளாசிக் என்பவர்களும் உண்டு. நான் 1968 முதல் 1985 வரை என்று கொள்கிறேன். ஒரு மாமனிதரின் மறைவைவிட இசை செய்யப்படும் முறையே மாறிய ஆண்டுதான் நல்ல எல்லைக்கோடு என்பது என் எண்ணம். 1985இல் என்ன நடந்தது என்பதைக் கணினி பற்றிய கேள்வியில் சொல்லியிருக்கிறேன்.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள், பழையது சிறந்ததா, புதியது சிறந்ததா?

ஒரே ஒரு பத்தாண்டை மட்டும் எடுத்துக்கொள்ளலாம் என்றால் தயங்காமல் 1970களை எடுப்பேன். பேஸ் கிட்டாரும் ட்ரம்ஸும் இணைந்து செய்யும் வேலையிலும், மூவர் சேர்ந்து பாடும் குரலிசையிலும் அந்தக் காலத்தை இன்றுவரை யாரும் மிஞ்சவில்லை. 1975இல் வந்த பாடகர் பர்னிங் ஸ்பியரின் 'மார்கஸ் கார்வி', 1977இல் வந்த கல்ச்சர் குழுவின் 'டூ செவன்ஸ் கிளாஷ்', அதே ஆண்டில் லீ பெர்ரி தயாரித்த 'ஹார்ட் ஆஃப் தி காங்கோஸ்' ஆகிய மூன்று ஆல்பங்களுக்கும் இணையாக வைக்கத்தக்க ஒரு மூன்றைப் பிற்காலத்தில் என்னால் தேர்ந்தெடுக்க முடியவில்லை.

ஆனால் அதோடு கேட்பதை நிறுத்திக்கொள்பவரோடு நான் உடன்படவில்லை. பெண் குரல்களுக்கு இன்று கிடைத்திருக்கும் இடமும், பாடகர் தம் இசையைத் தாமே நிர்வகிக்கும் உரிமையும் பழைய காலத்தில் மிக அரிது. மேலும் ரெகே தன் பழைய இசையை விடாமல் எடுத்துப் புதுப்பித்துக்கொண்டே வரும் மரபு. ஒரு பாடலின் பேஸ் இசை ஐம்பது ஆண்டுகளில் எங்கெங்கு போயிற்று என்பதைக் கேட்காதவர் அந்தப் பழைய பாடலிலேயே பாதியைத்தான் கேட்டிருக்கிறார்.

பழைய பாட்டில் பேஸும் ட்ரம்ஸும் ஏன் அப்படி நெஞ்சில் இறங்குகின்றன? இப்போது ஏன் அது வருவதில்லை?

முதல் காரணம் தாளத்தின் அமைப்பு. பெரும்பாலான பாப் பாடல்களில் ஒவ்வொரு சுற்றின் முதல் அடியும் அழுத்தமாக விழும். ரெகேவின் அடையாளமான 'ஒன் டிராப்' தாளத்தில் முதல் அடி வெறுமையாக விடப்படுகிறது, மூன்றாவது அடியில்தான் பெரிய ட்ரம்மும் சிறிய ட்ரம்மும் சேர்ந்து விழுகின்றன. கிட்டார் இரண்டாம், நான்காம் அடிகளில் மட்டும் சுருக்கென்று வெட்டிச் செல்கிறது. இப்படி மற்ற வாத்தியங்கள் ஒதுங்கி நிற்பதால் திறக்கும் வெளியில் பேஸ் கிட்டார் வெறும் துணையாக இல்லாமல் பாடலின் இரண்டாவது மெட்டாகவே நடக்கிறது. மார்லியின் வெய்லர்ஸ் குழுவில் கார்ல்டன் பேரட் ட்ரம்ஸும் அவருடைய அண்ணன் ஆஸ்டன் பேரட் பேஸும் வாசித்ததைக் கேட்டால் இது உடனே புரியும்.

இரண்டாவது காரணம் ஒலிப்பதிவு நடந்த முறை. தயாரிப்பாளர் கோக்ஸன் டாட் 1963இல் கிங்ஸ்டனின் பிரெண்ட்ஃபோர்டு சாலையில் தொடங்கிய ஸ்டுடியோ ஒன் கூடத்தில் வாத்தியக்காரர்கள் ஒரே அறையில் ஒரே நேரத்தில் வாசித்தார்கள். டேப்பில் ஒலிகளைத் தனித்தனியாகப் பதியும் டிராக்குகள் மிகக் குறைவு என்பதால் ஒருவர் பிசகினால் எல்லோரும் முதலிலிருந்து வாசிக்க வேண்டும். கீபோர்டு வாசித்து இசைக்கோவையும் செய்த ஜாக்கி மிட்டூ, ஹெப்டோன்ஸ் குழுவின் பாடகராகவும் இருந்து பேஸும் வாசித்த லெராய் சிபில்ஸ் போன்றவர்கள் நாள்தோறும் சேர்ந்து வாசித்ததால், அடுத்தவர் எந்த இடத்தில் சற்றே தாமதிப்பார் என்பது ஒவ்வொருவருக்கும் தெரிந்திருந்தது. அந்த நுண்ணிய தாமதம்தான் நாம் நெஞ்சில் உணர்வது. தனித்தனியாகப் பதிந்து கணினியில் கட்டத்துக்குள் நேராக அடுக்கும்போது முதலில் காணாமல் போவதும் அதுதான்.

மூன்றாவது ஒன்றையும் கவனிக்க வேண்டும். இந்த இசைத்தட்டுகள் தெருவில் ஆள் உயர ஒலிபெருக்கிகளை அடுக்கி நடத்தப்பட்ட சவுண்ட் சிஸ்டம் நடனங்களுக்காகவே செய்யப்பட்டவை. பேஸ் கிட்டாரின் மிகத் தாழ்ந்த கம்பி ஏறத்தாழ 41 ஹெர்ட்ஸ் அளவில் அதிர்கிறது. கைப்பேசியின் சிறிய ஒலிபெருக்கியால் அந்த அதிர்வை எழுப்ப முடியாது. ஆகவே பழையதையும் புதியதையும் ஒப்பிட விரும்புகிறவர் முதலில் நல்ல ஹெட்போனோ பெரிய ஸ்பீக்கரோ தேடிக்கொள்ள வேண்டும் என்று வற்புறுத்திச் சொல்வேன்.

கம்ப்யூட்டர் வந்ததால்தானே ரெகே கெட்டுப்போயிற்று?

இந்தக் கேள்விக்குப் பின்னால் இருப்பது 1985. அந்த ஆண்டில் வெய்ன் ஸ்மித் பாடி, கிங் ஜாமி தயாரித்த 'அண்டர் மீ ஸ்லெங் டெங்' வெளிவந்தது. கேசியோ எம்டி-40 என்ற சிறிய, மலிவான கீபோர்டில் ஏற்கெனவே பதிந்து வைத்திருந்த ஒரு தாளத்தை எடுத்து, வேகத்தைக் குறைத்து, அதன்மேல் பாடலை அமைத்தார்கள். பேஸ் கிட்டாரும் இல்லை, ட்ரம்ஸும் இல்லை. கிங்ஸ்டன் முழுவதும் அது பற்றிக்கொண்டது. அதே தாளத்தின்மேல் நூற்றுக்கணக்கான பாடல்கள் பின்னர் வந்தன. ஒரு பாடலுக்கு ஆறேழு வாத்தியக்காரர்களுக்குக் கூலி கொடுத்துவந்த தயாரிப்பாளர்கள் ஒருவரே இருந்து முடித்துவிடலாம் என்று கண்டுகொண்டார்கள். பல நல்ல வாத்தியக்காரர்கள் வேலை இழந்தார்கள். அந்த இழப்பு உண்மையானது, அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஆயினும் இயந்திரம் வெளியிலிருந்து வந்து ரெகேவைக் கெடுத்தது என்று சொல்வது சரியல்ல. அந்தத் தாளத்தை கேசியோ நிறுவனத்தில் உருவாக்கியவர் ஒகுதா ஹிரோகோ என்ற இளம் ஜப்பானியப் பெண். அவர் இசைக் கல்லூரியில் ரெகே பற்றியே ஆய்வேடு எழுதியவர். பழைய ரெகேவில் தோய்ந்த ஒருவரின் செவியிலிருந்துதான் அந்த இயந்திரத் தாளமே பிறந்தது.

இன்னொன்று, கிங் ஜாமியின் குருவான கிங் டப்பி மின்சாதனங்களைப் பழுதுபார்க்கும் தொழிலில் கைதேர்ந்தவர். 1970களின் தொடக்கத்தில் அவர் நான்கு டிராக் கலவைப் பலகை ஒன்றை வைத்துக்கொண்டு, பதிவான பாடலிலிருந்து குரலை நீக்கி, பேஸை மட்டும் நடக்கவிட்டு, கிட்டாரின் ஓர் ஒலித்துணுக்கை எதிரொலியில் கரையவிட்டு டப் என்ற கலையையே ஆக்கினார். கிளாசிக் காலத்தின் மிகப் பெரிய கண்டுபிடிப்பு என்று நாம் போற்றுவது இயந்திரத்தைக் கொண்டு செய்ததுதான். எந்தக் கருவி என்பதைவிட அதன் முன்னால் அமர்ந்தவரின் செவி எப்படிப்பட்டது என்று கேட்பதே பொருத்தம்.

நான் கேட்ட பழைய பாட்டு எல்லாமே நன்றாக இருக்கிறது. புதிதில் பத்துக்கு ஒன்று தேறவில்லை. இது எதைக் காட்டுகிறது?

பழையவற்றைக் காலம் ஏற்கெனவே சலித்துக் கொடுத்துவிட்டது என்பதைக் காட்டுகிறது. 1970களில் கிங்ஸ்டனில் வாரந்தோறும் புதிய இசைத்தட்டுகள் குவிந்தன. அவற்றில் அமெரிக்கச் சோல் பாடல்களை அவசரமாக ரெகே தாளத்தில் திருப்பிப் பாடியவையும், வெற்றி பெற்ற பாடலை அப்படியே பின்பற்றியவையும் ஏராளம். அவை மறக்கப்பட்டுவிட்டன. பிறகு 1993இல் இங்கிலாந்தில் தொடங்கிய பிளட் அண்ட் ஃபயர் போன்ற மறுவெளியீட்டு நிறுவனங்கள் அந்தக் குவியலிலிருந்து மிகச் சிறந்தவற்றை மட்டும் தேடி எடுத்துத் தூய்மையாக வெளியிட்டன. நம் கைக்கு வருவது அந்தத் தேர்வு. புதிய இசையோ தேர்வு செய்யப்படாமல் அன்றாடம் வெளிவருவது போலவே வந்து சேர்கிறது.

இதை ஏற்றுக்கொண்ட பிறகும், மேலே மூன்றாம் பதிலில் சொன்ன என் முடிவு மாறவில்லை. ஒவ்வொரு காலத்தின் உச்சத்தை மட்டும் எடுத்து ஒப்பிட்டாலும் பேஸ், ட்ரம்ஸ், மூவர் குரலிசை ஆகியவற்றில் 1970கள்தாம் முன்னால் நிற்கின்றன. சராசரிகளை ஒப்பிட்டால் அந்த இடைவெளி மிகவும் சுருங்கிவிடும்.

ஒரே ட்ராக்கில் பத்துப் பேர் பாடுகிறார்களே, இது சோம்பல் இல்லையா?

இது ரிடிம் எனப்படும் முறை. ஒரே மெட்டுக்குப் பலர் பாட்டு எழுதுவது நமக்குப் பழக்கமானது. காவடிச்சிந்தின் மெட்டுகளில் எத்தனையோ பேர் எழுதியிருக்கிறார்கள். ரிடிமில் மெட்டும் மாறும், சொல்லும் மாறும், அடியில் ஓடும் பேஸும் தாளமும் மட்டுமே பொதுவாக இருக்கும். அந்தப் பொது அடித்தளத்தின்மேல் யார் எதைக் கட்டுகிறார் என்பதில்தான் போட்டி.

இது புதியவர்களின் வழக்கம் என்று நினைப்பது பிழை. ஸ்டுடியோ ஒன் கூடத்தில் 1967இல் பதிவான 'ரியல் ராக்' இன்றுவரை பாடப்படுகிறது. யூ-ராய் 1970இல் பழைய ராக்ஸ்டெடி இசையின்மேல் பேசிப் பாடியே ஜமைக்காவின் பாடல் வரிசையில் முதலிடங்களைப் பிடித்தார். சேனல் ஒன் கூடத்தில் ஸ்லை டன்பார் முதலியோர் 1970களின் நடுவில் ஸ்டுடியோ ஒன் இசையைப் புதிய ட்ரம்ஸ் நடையில் திருப்பி வாசித்தபோதும், பழையதை எடுத்துக்கொள்கிறார்கள் என்ற குறை எழுந்தது. இன்று அந்தப் பதிவுகளையே நாம் கிளாசிக் என்கிறோம்.

நமக்கு அருகில் வரும் எடுத்துக்காட்டு ஒன்றும் உண்டு. ஸ்டீவன் மார்ஸ்டன் உருவாக்கிய கைத்தட்டல் நிறைந்த ஒரு ரிடிமுக்கு 'தீபாவளி' என்றே பெயர். ஷான் பாலின் 'கெட் பிசி' அதன்மேல் அமைந்து 2003இல் அமெரிக்கப் பாடல் வரிசையில் முதலிடம் பெற்றது. வெய்ன் வொண்டரின் 'நோ லெட்டிங் கோ' என்ற மென்மையான காதல் பாடலும் அதே ரிடிம்தான். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் இம்முறையின் வலிமை விளங்கும். ஆனால் ஒரே ரிடிமில் இருபது பாடல்களை வரிசையாக அடுக்கி ஆல்பமாக விற்கும் வழக்கம் 2000களில் அளவு மீறிப் போயிற்று. அவற்றை முழுதாக உட்கார்ந்து கேட்கச் சொல்லி யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

பழைய பாட்டில் விடுதலையும் பக்தியும் இருந்தது, புதியதில் துப்பாக்கியும் ஆபாசமும்தானே?

பாதி உண்மை. 1966 ஏப்ரல் 21 அன்று எத்தியோப்பியப் பேரரசர் ஹைலி செலாசி கிங்ஸ்டனுக்கு வந்தார். அவரை இறைவனாகக் கொண்டிருந்த ராஸ்தஃபாரி நெறிக்கு அதன் பிறகு செல்வாக்கு பெருகியது. அடிமை வணிகத்தின் நினைவு, ஆப்பிரிக்கா திரும்பும் ஏக்கம், சேரி வாழ்வின் பசி ஆகிய அனைத்தும் சேர்ந்து 1970களின் பாடல்களுக்கு விவிலியத்தின் மொழியையும் கனத்தையும் கொடுத்தன. அபிசீனியன்ஸ் மூவர் 1969இல் பதிவு செய்த 'சட்டா மசகானா' இன்றும் வழிபாட்டுப் பாடலாகவே பாடப்படுகிறது. 1980 பொதுத்தேர்தலை ஒட்டி நூற்றுக்கணக்கானோர் கொல்லப்பட்ட பிறகு மக்களின் மனநிலை மாறியது. ரெகேவிலிருந்து கிளைத்த டான்ஸ்ஹால் என்ற நடன இசையின் பாடல்களில் நடனமும் உடலும் ஆயுதமும் முன்னுக்கு வந்தன.

ஆனால் பழையவை எல்லாம் பக்தி என்பது உண்மையல்ல. 1976இல் 'வார் இன் அ பாபிலோன்' என்ற உயர்ந்த ஆல்பத்தைத் தந்த மேக்ஸ் ரோமியோ அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன் பாடிப் பெயர் பெற்ற பாடல் பிபிசி ஒலிபரப்ப மறுத்த அளவுக்குப் பச்சையானது. அதேபோல் 1990களிலும் கார்னெட் சில்க், லூசியானோ, சிஸ்லா முதலியோர் பக்தியையும் எதிர்ப்பையும் மீட்டுக் கொண்டுவந்தார்கள். பூஜு பாண்டன் 1995இல் வெளியிட்ட ''டில் ஷைலோ'வை எந்தக் கிளாசிக் ஆல்பத்தோடும் நான் ஒரே தட்டில் வைப்பேன்.

அதே பூஜு பாண்டன் இளமையில் பாடி 1992இல் வெளியான ஒரு பாடல் தன்பாலீர்ப்பு கொண்டவர்களைக் கொல்வதை ஏற்றிப் பேசியது. 2019இல் அவர் அதைத் தம் பாடல் தொகுப்பிலிருந்து நீக்கினார். அத்தகைய பாடல்கள் டான்ஸ்ஹாலின் பெரும் களங்கம். தாளம் நன்றாக இருக்கிறது என்பதற்காக அவற்றை மன்னிக்க நான் ஆயத்தமாக இல்லை.

டான்ஸ்ஹாலை ரெகே என்று சொல்லலாமா?

ரெகேவிலிருந்து பிறந்தது, ஆனால் தனி வடிவம். 1980களின் தொடக்கத்தில் டான்ஸ்ஹால் பாடகர் யெல்லோமேன் புகழ் பெற்றபோது அதன் அடியில் ஓடியது பழைய ரெகே இசையே. 1985க்குப் பிறகுதான் தாளமும் பிரிந்தது. 1975இன் ரூட்ஸ் பாடலையும் (பக்தியும் விடுதலையும் பேசும் 1970களின் ரெகேவுக்கு அப்படிப் பெயர்) இன்றைய டான்ஸ்ஹால் பாடலையும் அருகருகே வைத்து 'ரெகே தாழ்ந்துவிட்டது' என்று முடிவு கட்டுவது தவறான ஒப்பீடு. ரூட்ஸைப் பிற்கால ரூட்ஸோடு ஒப்பிடுங்கள்.

ரெகே ரிவைவல் என்கிறார்களே, அது வெறும் நகல்தானே?

2011 வாக்கிலிருந்து க்ரோனிக்ஸ், புரோட்டோஜே, கபாகா பிரமிட், ஜா-நைன், ஜெஸ்ஸி ராயல் முதலிய இளம் கலைஞர்கள் நேரடி வாத்தியக் குழுக்களோடு ரூட்ஸ் ரெகேவைப் பாடத் தொடங்கியதைத்தான் அந்தப் பெயரால் குறிக்கிறார்கள். கணினியோடு மட்டும் வளர்ந்த தலைமுறை மீண்டும் மேடையில் பேஸையும் ட்ரம்ஸையும் கொண்டுவந்து நிறுத்தியதே பெரிய செயல். 2014இல் புரோட்டோஜேயும் க்ரோனிக்ஸும் சேர்ந்து பாடிய 'ஹூ நோஸ்' பாடலில் தாளம் பழையது. சொல் விழும் நடையோ ஹிப்ஹாப் கேட்டு வளர்ந்தவர்களுடையது. 1976இல் யாரும் அப்படிப் பாடியிருக்க மாட்டார்கள். க்ரோனிக்ஸின் 2017 ஆல்பமான 'க்ரோனாலஜி'யும் ரூட்ஸில் தொடங்கி வேறு பல வடிவங்களுக்குப் போகிறது.

குறை என்று நான் உணர்வது வேறு. இவ்வியக்கத்தின் சில பாடல்கள் முன்னோரை வணங்குவதிலேயே நேரத்தைக் கழித்துவிடுகின்றன. பர்னிங் ஸ்பியர் தம் ஊரைப் பற்றியும் தம் மக்களின் வரலாற்றைப் பற்றியும் பாடினார். தமக்கு முந்தைய பாடகர்களைப் பற்றிப் பாடிக்கொண்டிருக்கவில்லை.

புதிய ரெகே வெளிநாட்டுச் சந்தைக்காகக் கலப்படம் செய்யப்படுகிறது, பழையது கலப்படமில்லாதது. இதற்கு என்ன சொல்வீர்கள்?

மார்லியை உலகுக்கு அறிமுகப்படுத்திய 1973ஆம் ஆண்டின் 'கேட்ச் அ ஃபயர்' ஆல்பத்தையே பாருங்கள். கிங்ஸ்டனில் பதிவான டேப்புகளை லண்டனுக்குக் கொண்டுபோய், ஐலண்ட் நிறுவனத்தின் கிரிஸ் பிளாக்வெல் மேற்பார்வையில், அமெரிக்க ராக் இசைக்கலைஞர்களின் கிட்டாரும் கீபோர்டும் மேலே சேர்க்கப்பட்டன. ராக் கேட்கும் வெள்ளை இளைஞர்களை எட்டுவதே நோக்கம். கூட்டுவதற்கு முந்தைய ஜமைக்கப் பதிவு 2001இல் தனியே வெளியானது. இரண்டையும் கேட்டுப் பார்த்தவன் என்ற முறையில் ஜமைக்கப் பதிவே எனக்கு நெருக்கமானது என்பேன். அதற்காக மற்றது மோசமாகிவிடவில்லை.

அதற்கும் முன்பே லண்டனில் ஜமைக்கப் பாடல்களுக்கு வயலின் கூட்டம் சேர்த்து விற்றார்கள். ஸ்காவே அமெரிக்க வானொலியில் கேட்ட ரிதம் அண்ட் புளூஸிலிருந்து கிளைத்ததுதான். கலப்பு இல்லாத ரெகே என்று ஒரு காலம் இருந்ததே இல்லை. ஆகவே இன்றைய பாடலில் அமெரிக்க ஹிப்ஹாப்பின் 'ட்ராப்' (trap) தாளம் கலந்தது என்பதே குற்றமாகாது. கலந்த பின் பேஸ் இன்னும் பேசுகிறதா என்று பாருங்கள்.

பெண்கள் விஷயத்தில் எந்தக் காலம் மேல்?

தயக்கமின்றிப் புதிய காலம். மார்சியா கிரிஃபித்ஸ், ஜூடி மோவாட், ரீட்டா மார்லி மூவரும் தனித்தனியே சிறந்த பாடகிகள். ஆனால் உலகின் பெரும்பகுதி அவர்களை மார்லிக்குப் பின்னால் நின்று பாடிய ஐ-த்ரீஸாகவே அறிந்தது. தயாரிப்பாளர்களில் சோனியா பாட்டிங்கர் போன்ற பெண்கள் மிக அரிது. இன்று ஜா-நைன், லைலா ஐக்கே, கஃபீ ஆகியோர் தாமே எழுதி, தம் பெயரிலேயே மேடையின் நடுவில் நிற்கிறார்கள். 2000இல் ஸ்பானிஷ் டவுனில் பிறந்த கஃபீ, 'ரேப்ச்சர்' வெளியீட்டுக்காக 2020இல் ரெகே ஆல்பத்துக்கான கிராமி விருதைப் பெற்றார். தனிப் பாடகியாக அதை வென்ற முதல் பெண் அவர்தான், அப்போது அவருக்கு 19 வயது.

கிராமி வாங்கியவற்றை வைத்தே முடிவு செய்துவிடலாமே?

முடியாது. ரெகேவுக்கென்று கிராமிப் பிரிவு 1985இல்தான் தொடங்கியது. முதல் விருது பிளாக் உஹூரு குழுவின் 'ஆந்தெம்' ஆல்பத்துக்குச் சென்றது. ஆகவே 1970களுக்கு அந்த அளவுகோலே இல்லை. மார்லி தம் வாழ்நாளில் ஒரு கிராமியும் பெறவில்லை.

ஜமைக்காவுக்கு வெளியே உள்ளவர்கள் பாடுவதையும் ரெகே என்று கணக்கில் சேர்க்க வேண்டுமா?

சேர்க்க வேண்டும். பர்மிங்காமின் ஹேண்ட்ஸ்வர்த் பகுதியிலிருந்து வந்த ஸ்டீல் பல்ஸ் 1978இல் வெளியிட்ட 'ஹேண்ட்ஸ்வர்த் ரெவல்யூஷன்' இல்லாமல் கிளாசிக் பட்டியலே நிறைவடையாது. லண்டனில் வளர்ந்த ஜமைக்கக் குடும்பத்துப் பெண்கள் பாடிய லவர்ஸ் ராக் என்ற காதல் ரெகே, ஐவரி கோஸ்டின் ஆல்ஃபா பிளாண்டி, தென்னாப்பிரிக்காவின் லக்கி டூபே ஆகியோரெல்லாம் இம்மரபின் மக்களே. அதே ஹேண்ட்ஸ்வர்த்தில் வளர்ந்த பஞ்சாபிப் பாடகர் அப்பாச்சி இந்தியன்தான் 1996இல் ஏ.ஆர். ரகுமான் இசையமைத்த 'லவ் பேர்ட்ஸ்' படத்தில் 'நோ ப்ராப்ளம்' பாடியவர். நம்மில் பலருடைய காதில் அந்த நடை முதலில் விழுந்தது அப்படித்தான்.

சிக்கல் எழுவது அங்கீகாரத்தில். 2022இல் அமெரிக்காவின் வர்ஜீனியாவைச் சேர்ந்த சோஜா குழு ரெகே கிராமியைப் பெற்றபோது ஜமைக்காவில் பலர் வருந்தினார்கள். அந்த வருத்தம் நியாயமானது என்றே நினைக்கிறேன். 2018இல் யுனெஸ்கோ மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுகள் பட்டியலில் சேர்த்தது ஜமைக்காவின் ரெகேவை. யாரும் பாடலாம் என்பதற்காக அது எந்த மண்ணின் துயரத்திலிருந்து வந்தது என்பதை மறந்துவிடக்கூடாது.

ஜமைக்கா இளைஞர்களே பழையதைக் கேட்பதில்லையாமே?

நாள்தோறும் அவர்கள் ஆடுவது டான்ஸ்ஹாலுக்குத்தான். ஆனால் கிங்ஸ்டனின் ரே டவுனில் ஞாயிறு இரவுகளில் பழைய பாடல்களுக்காகவே நடக்கும் தெரு நடனம் நெடுங்காலமாகப் பெயர் பெற்றது. மலைச்சரிவில் நடக்கும் கிங்ஸ்டன் டப் கிளப்புக்கு இளைஞர்களும் வருகிறார்கள். ரிவைவல் கலைஞர்கள் பலரும் அந்தச் சூழலில் வளர்ந்தவர்கள்.

இரண்டையும் நியாயமாக ஒப்பிட வேண்டும். எதைக் கேட்பது?

இணை இணையாகக் கேளுங்கள். 1984இல் ஐனி கமோசி பாடி, ஸ்லை டன்பாரும் ராபி ஷேக்ஸ்பியரும் இசையமைத்த 'வேர்ல்ட்-அ-மியூசிக்' பாடலை முதலில் கேட்டு, உடனே டேமியன் மார்லியின் 2005ஆம் ஆண்டுப் பாடலான 'வெல்கம் டு ஜாம்ராக்' கேளுங்கள். பேஸ் இசை ஒன்றே. முன்னது ரெகேவைக் கொண்டாடுகிறது. பின்னது சுற்றுலாப் பயணிகள் காணாத ஜமைக்காவை, அதன் வறுமையையும் கொலைகளையும், எடுத்துக் காட்டுகிறது. அதேபோல் 1973இன் 'ஸ்டாலாக்' ரிடிமின்மேல் சிஸ்டர் நான்சி 1982இல் பாடிய 'பாம் பாம்' பாடலைக் கேட்டுவிட்டு, அது பிற்கால ஹிப்ஹாப்பில் எத்தனை இடங்களில் வெட்டி ஒட்டப்பட்டிருக்கிறது என்று தேடிப் பாருங்கள். பேஸ் கேட்கும் கருவியில் கேளுங்கள். காரணம் நான்காம் பதிலில் இருக்கிறது.

பழைய ஆல்பங்களின் மறுவெளியீட்டை வாங்கினால் அந்தப் பாடகருக்குப் பணம் போகுமா?

எல்லா வேளையிலும் போகாது. கிளாசிக் காலத்தில் பாடகருக்கு ஒரு பாடலுக்கு ஒருமுறை சிறு தொகை கொடுத்து, டேப்பும் உரிமையும் தயாரிப்பாளரிடம் தங்கிவிடுவதே வழக்கம். ஜமைக்காவில் 1993 வரை நடப்பில் இருந்தது ஆங்கிலேயர் காலத்து 1911ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம். ஒரே ரிடிமைப் பலர் பயன்படுத்தும் மரபில் பேஸ் வாசித்தவருக்கு உரிமை கேட்கவே வழியில்லாதிருந்தது. மேலே சொன்ன 'பாம் பாம்' உலகமெங்கும் ஒலித்தும், சிஸ்டர் நான்சி முப்பது ஆண்டுகளுக்கு மேல் உரிமைத்தொகை ஏதும் காணாமல் இருந்து, 2014இல் அது ஒரு விளம்பரத்தில் பயன்பட்ட பிறகுதான் தம் பங்கைக் கேட்டுப் பெற்றார்.

இன்றைய கலைஞர்களில் பலர் தம் பாடல்களைத் தாமே வெளியிடுகிறார்கள் அல்லது உரிமையைக் கையில் வைத்துக்கொண்டு ஒப்பந்தம் செய்கிறார்கள். பழைய கலைஞருக்கு உதவ விரும்புகிறவர், அவர் உயிரோடு இருந்தால், அவருடைய இணையப் பக்கத்தில் அவரே விற்கும் பிரதி இருக்கிறதா என்று முதலில் பார்க்கலாம். இல்லையென்றால் மறுவெளியீட்டு நிறுவனம் கலைஞரோடு ஒப்பந்தம் செய்திருப்பதாக உறையில் குறிப்பிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்கலாம். இன்னும் பாடிக்கொண்டிருப்பவர் என்றால், அவர் நிகழ்ச்சிக்கு டிக்கெட் வாங்குவதே நேராகச் சேரும்.